இடிந்த கோட்டைகள் மற்ற வண்ணங்களைவிட நீர்வண்ண ஓவியங்களில் ஏன் இவ்வளவு அழகாகத் தெரிகின்றன?

நானும் நீர்வண்ணத்தில் வரைகிறேன். என் அனுபவத்தில் இதற்குக் காரணம் விளிம்புதான். முழுசாக நிற்கும் கட்டடத்தை வரைந்தால் கோடு கொஞ்சம் கோணினாலும் கண்ணை உறுத்தும். இடிந்த சுவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சுவர் எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்பதை ஈரத்தின் போக்கிலேயே விட்டுவிடலாம். பத்து தூரிகைக் கோடுகள் சொல்லாததை, தானாகப் பரவிய ஒரு கறை சொல்லிவிடும்.

ஆங்கிலேய ஓவியர் டர்னரின் நார்ஹாம் கோட்டை ஓவியங்களைப் பாருங்கள். இங்கிலாந்தின் வடக்கு எல்லையில், ட்வீட் ஆற்றங்கரையில் இருக்கும் கோட்டை அது. 1797இல், 22 வயதில், அதை முதன்முதலாகப் பார்த்தார். மறு வருடமே அதை வரைந்து, லண்டனின் கலை நிறுவனமான ராயல் அகாடமியில் காட்சிக்கு வைத்தார். அதில் சூரியன் கோட்டைக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் நம் பக்கம் தெரிவது நிழல் மட்டுமே. கல் கல்லாக வரையும் வேலையே இல்லை. பிறகும் அவர் அந்த இடத்தை விடவில்லை. 1845 வாக்கில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தபோதும், நீர்வண்ணம் போலவே மெல்லிசாகப் பூசினார். அதில் கோட்டை வெறும் நீலச் சாயல். ஆற்றில் நிற்கும் பழுப்பு மாடுகூட அதைவிடக் கெட்டியாகத் தெரிகிறது! எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அந்தக் காலத்தில் இத்தனை பேர் கோட்டை வரைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. 1793இல் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டதால் ஐரோப்பியப் பயணம் கடினமானது. ஓவியர்கள் வேல்ஸுக்கும் வடக்கு இங்கிலாந்துக்கும் போனார்கள். 1640களின் உள்நாட்டுப் போரில் தகர்க்கப்பட்ட கோட்டைகள் நாட்டில் நிறைய இருந்தன. கட்டியாக விற்ற வண்ணங்களும் அப்போதுதான் வந்திருந்தன, பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். டர்னர் பிறந்த அதே 1775இல் பிறந்த நீர்வண்ண ஓவியர் தாமஸ் கிர்ட்டினையும் தேடிப் பாருங்கள். 1802இல், 27 வயதிலேயே இறந்துவிட்டார், பெரிய இழப்பு.

வரைந்து பார்க்கும் ஆசை இருந்தால், முதலில் வானத்தைப் பூசிக் காயவிடுங்கள். அப்புறம் சுவரை மேலிருந்து கீழே கொண்டுவாருங்கள். உடைந்த மேல்விளிம்பு உலர்ந்த காகிதத்தில் கூர்மையாக விழட்டும். அடிப்பகுதி காய்வதற்குள் புல்லின் பச்சையைத் தொட்டுவிடுங்கள், இரண்டும் தானாகக் கலந்துகொள்ளும். வெயில் படும் கல்லுக்கு வெள்ளை வண்ணம் வேண்டாம், காகிதத்தை அப்படியே விட்டால் போதும். கொடியின் இலைகளை ஒவ்வொன்றாக வரைய மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள்.