குழந்தைகள் குண்டாவதற்குப் பெற்றோர் கொடுக்கும் செல்லம்தான் காரணமா?

பத்து வயது மகன் சற்றுப் பருமனாக இருக்கிறான், 'எல்லாம் நீ கொடுக்கும் செல்லம்' என்று உறவினர்கள் குத்திக்காட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உலகம் முழுக்கவே இப்படித்தான் என்கிறார்களே, உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் அதிக எடை கொண்டவர்கள் 1990-இல் நூற்றுக்கு 8 பேர். 2022-இல் 20 பேர். அவர்களில் உடல் பருமன் என்ற எல்லையையும் தாண்டியவர்கள் மட்டும் சுமார் 16 கோடி. 2025-இல் யூனிசெப் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்த வயதில் எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம், பருமனானவர்கள் 9.4 சதவீதம். உலக அளவில் இரண்டாவது எண் முதல் எண்ணை முந்தியது இதுவே முதல் தடவை.

இப்போது உங்கள் உறவினர்களின் வாதத்துக்கு வருவோம். முப்பது ஆண்டுகளில் மனித இனத்தின் மரபணு மாறிவிடாது. அப்படியானால் சிலியிலும் எகிப்திலும் பசிபிக் தீவுகளிலும் இருக்கும் தாய்மார்கள் சொல்லிவைத்தாற்போல ஒரே சமயத்தில் செல்லம் கொடுக்கத் தொடங்கினார்களா? நம் பாட்டிமார் கொடுக்காத செல்லமா? அவர்கள் கையில் இருந்தது கடலைமிட்டாய். அதுவும் வாரச் சந்தைக்குப் போனால்தான்.

சிலி நாட்டின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நமக்கு அதில் நிறைய இருக்கிறது. 1960-களில் அந்த நாட்டின் பெரிய கவலை குழந்தைகளின் பட்டினி. பெர்னாண்டோ மோன்கெபெர்க் போன்ற மருத்துவர்கள் ஊட்டச்சத்துக் குறைவை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடினார்கள். 1970-இல் ஆட்சிக்கு வந்த அதிபர் அயேந்தே, ஒவ்வொரு குழந்தைக்கும் தினமும் அரை லிட்டர் பால் என்றார். ஒரு தலைமுறைக்குள் பட்டினியை வென்றும் விட்டார்கள். கையில் காசு வந்தது, பின்னாலேயே பாக்கெட் தின்பண்டமும் இனிப்புப் பானமும் வந்தன. இன்று அங்கே 5 முதல் 19 வயதினரில் 27 சதவீதம் பேர் பருமனானவர்கள். அமெரிக்காவில்கூட 21 சதவீதம்தான்.

சிலி சும்மா இருக்கவில்லை. மருத்துவரும் செனட்டருமான கிதோ ஹிரார்தி முன்னின்று கொண்டுவந்த சட்டம் 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவற்றில் எது வரம்பை மீறினாலும் பாக்கெட்டின் முகத்திலேயே கருப்பு எண்கோண முத்திரை. நான்கும் மீறினால் நான்கு முத்திரை. அந்த முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது, 14 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. பிள்ளைகளைக் கவரக் காலை உணவுப் பெட்டியில் படமாகப் போட்டிருந்த சிரிக்கும் புலியைக்கூடத் துரத்திவிட்டார்கள்.

பலன்? முத்திரை விழுந்த இனிப்புப் பானங்களை மக்கள் வாங்குவது ஒன்றரை ஆண்டுகளில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. ஆனால் குழந்தைகளின் எடை அந்த வேகத்தில் இறங்கிவிடவில்லை. பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அதிக எடை என்ற நிலை அதற்குப் பிறகும் நீடித்தது. நிறுவனங்கள் முத்திரையிலிருந்து தப்பிக்கச் சர்க்கரையை எடுத்துவிட்டுச் செயற்கை இனிப்பைப் போட்டதும் நடந்தது. எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கும். ஆனாலும் ஒரு சட்டம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

ஜப்பானைப் பாருங்கள். பணக்கார நாடுதான், மூலைக்கு மூலை கடையும் இருக்கிறது. ஆனால் 1954 முதல் பள்ளி மதிய உணவுக்கென்றே தனிச் சட்டம் உண்டு. தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளே பரிமாறுகிறார்கள், ஆசிரியரோடு வகுப்பறையிலேயே உட்கார்ந்து எல்லோரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் பள்ளிக்கு நடந்தே போகிறார்கள். வளர்ந்த நாடுகளில் குழந்தைப் பருமன் மிகக் குறைவாக இருப்பது அங்கேதான். ஜப்பானியத் தாய்க்குச் செல்லம் கொடுக்கத் தெரியாதா என்ன?

நம் நாட்டில் 1990-இல் ஏறத்தாழ 4 லட்சமாக இருந்த பருமனான பிள்ளைகள், 2022-இல் ஏறத்தாழ 1.25 கோடி. அதே ஆண்டில் ஐந்தில் ஒரு பிள்ளை எடை குறைவு. ஒரே வகுப்பில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கொழுகொழு குழந்தைக்குப் பரிசு கொடுத்த ஊர் நமது. பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல இருந்தால் திருஷ்டி சுற்றுவோமே தவிர எடை பார்க்க மாட்டோம்.

என் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கிக் கொடுக்கும் மால்ட் பொடி டப்பா ஒன்று இருந்தது. முன்பக்கம் ஓடும் சிறுவன், 'வளர்ச்சி', 'சக்தி' என்ற பெரிய எழுத்துகள். டப்பாவைத் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மடிப்பு ஓரத்தில் இருக்கும் எறும்பு எழுத்தைப் படித்தால் நூறு கிராமில் முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை. இப்படிப்பட்ட பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பில் பட்டியலிடக் கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில்தான் அறிவுறுத்தியது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் எச்சரிக்கை போடுவது பற்றிய 2022-ஆம் ஆண்டு வரைவு விதியோ, எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திரம் கொடுக்கலாம் என்றது. என்ன தாராள மனசு!

உங்கள் மகனுக்கு வருகிறேன். பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று பார்க்கும் எண்) 25-ஐத் தாண்டினால் அதிக எடை என்ற கணக்கைப் பத்து வயதுப் பையன் மீது போடாதீர்கள். குழந்தைகளுக்கு வயதையும் பாலினத்தையும் ஒட்டிய வளர்ச்சி அட்டவணை இருக்கிறது. குழந்தை மருத்துவர் உயரத்தையும் எடையையும் அதில் குறித்து, அவன் எங்கே நிற்கிறான் என்று சொல்வார். பட்டினி போட வேண்டாம், உறவினர்கள் முன்னால் அவன் உடலைப் பற்றிப் பேசவும் வேண்டாம். வீட்டுக்குள் பாட்டில் பானம் வருவதை நிறுத்துங்கள், அவனுக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும் சேர்த்து.

இன்னொன்று. பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி. உங்கள் பள்ளி வாசலில் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன என்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். செல்லத்தைப் பற்றி உபதேசிக்கும் உறவினர்களில் யாராவது அதே பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினால், அவர்களையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.