பெரியபிள்ளையான பிறகா முதுகு வளைந்தது? முள்ளந்தண்டும் ஓமோனும்: கேள்வி பதில்

பதின்ம வயதில் வரும் முள்ளந்தண்டுப் பக்கவளைவு பற்றி வந்த கேள்விகள் இவை. பதில்களில் 'பாகை' என்று வருவது, முள்ளந்தண்டு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று எக்ஸ்றேயில் அளக்கும் கொப் கோணம். அது 10 பாகையைத் தொட்டால்தான் வளைவு என்ற பெயர்.

கோண்டாவில், ஒரு தாய்: மகளுக்குப் பன்னிரண்டரை வயது. நாலு மாதத்துக்கு முன்னம் பெரியபிள்ளையானவள். முழுக வார்க்கேக்கைதான் கண்டன், வலப்பக்க முதுகு புடைச்சு நிக்குது. உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் ஒழுங்காக் குடுக்கேல்லை, அதுதான் எலும்பு பலமில்லாமப் போச்செண்டு மாமி சொல்லுறா. உண்மையோ?

இல்லை அம்மா. களி நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அது குறைந்ததால் முள்ளந்தண்டு வளைவதில்லை. புத்தகப்பையும் காரணமில்லை, குனிந்திருந்து படிப்பதும் காரணமில்லை. நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு 10 வயதுக்குப் பிறகு இப்படி வரும். பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. முள்ளென்புகள் பக்கவாட்டில் சாய்வதோடு சுழலவும் செய்யும். அப்போது விலா எலும்புகள் பின்னால் தள்ளப்படும். நீங்கள் கண்ட புடைப்பு அதுதான்.

ஓமோனின் வேலை வேகத்தைக் கூட்டுவது. வளர்ச்சி ஓமோனும் பெண்மை ஓமோனான ஈஸ்திரசனும் சேர்ந்து உயரத்தை உந்தும்போது, ஏற்கனவே இருக்கும் சின்ன வளைவும் கூடவே ஓடும். பெண்பிள்ளைகள் ஆக வேகமாக வளர்வது முதல் மாதவிடாய்க்கு 6 முதல் 12 மாதங்களுக்கு முன்னர். அப்போது வருடத்துக்கு 8 செ.மீ. வரை உயர்வார்கள். ஆகவே உங்கள் மகளின் வளைவு அந்த நேரமே தொடங்கியிருக்கும், முழுக வார்த்த நாளில்தான் கண்ணில் பட்டிருக்கிறது. ஆபத்துக்காலம் இன்னும் தாண்டவில்லை. ஏறத்தாழ இரண்டு வருடம் வளர்ச்சி மிச்சமிருக்கிறது.

இன்றைக்கே ஒருக்கால் பாருங்கள். கால் இரண்டையும் சேர்த்து, முழங்கால் மடியாமல், உள்ளங்கைகளைச் சேர்த்துத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று முதுகின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தால் எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது என்று தெரியும். கிளினிக்கில் இதையே மட்டம் பார்க்கும் கருவி வைத்து அளப்பார்கள். சரிவு 7 பாகை அளவில் வந்தால் (இது முதுகின் சரிவு, கொப் கோணமல்ல) எக்ஸ்றே எடுப்பார்கள். முதுகுப்பக்கமிருந்து எடுக்கும்படி கேளுங்கள், மார்புக்குப் போகும் கதிர் குறையும். பழைய படத்தை எறியவேண்டாம். அளக்கும்போதே 5 பாகை முன்பின் வரும் என்பதால், இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கூடியதா என்று சொல்லலாம்.

இன்னுமொன்று: முதல் இரத்தம் கண்ட திகதியை எழுதிக் கொண்டுபோங்கள். சாமத்தியவீடு நடந்த திகதி வேண்டாம். பள்ளிக்கூட லீவு பார்த்து, வெளிநாட்டிலிருந்து மாமன்மார் வரும்வரை பார்த்து, விழாவை ஆறு மாதம் தள்ளிச் செய்யும் வீடுகள் எங்களிடம் நிறைய. வீடியோவில் இருக்கும் திகதியைச் சொன்னால், வளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்ற வைத்தியரின் கணக்கு பிழைத்துவிடும்.

சாவகச்சேரி, உயர்தர உயிரியல் மாணவன்: மெலற்றோனின் குறைஞ்சாத்தான் வளைவு வருதெண்டு வாசிச்சன். அப்ப மெலற்றோனின் குளிசை குடுத்தால் சரிவராதோ?

தம்பி, பிரெஞ்சு ஆய்வாளர் தில்லார் 1959 இல் கோழிக்குஞ்சுகளின் மூளையில் மெலற்றோனினைச் சுரக்கும் கூம்புச் சுரப்பியை அகற்றினார், குஞ்சுகளின் முள்ளந்தண்டு வளைந்தது. 1990களில் ஜப்பானில் மச்சிடா குழு அதையே திரும்பச் செய்தது. அகற்றிய சுரப்பியைத் தசைக்குள் பதித்த குஞ்சுகளில் வளைவு குறைவாக இருந்தது. கதை அங்கேயே முடிந்திருந்தால் நீங்கள் கேட்ட குளிசை இன்றைக்குக் கடையில் இருந்திருக்கும். சுரப்பி அகற்றிய எலிகளில், இரண்டு காலில் நடக்கவைத்தவை வளைந்தன, நாலு காலில் நடந்தவை வளையவில்லை. குரங்குகளில் அகற்றியபோதும் வளைவு வரவில்லை. வளைவுள்ள பிள்ளைகளின் இரத்தத்தில் அளந்தபோது சில ஆய்வுகளில் மெலற்றோனின் குறைவு, வேறு சிலவற்றில் வித்தியாசமே இல்லை. சுரப்பியை விட நிமிர்ந்து நிற்கும் உடம்பின் பாரத்தைத்தான் அந்த எலிகள் காட்டுகின்றன என்பது என் வாசிப்பு. குளிசை கொடுக்க ஆதாரம் இல்லை.

நல்லூர், நடன ஆசிரியை: வளைவுள்ள மாணவி ஒருத்தி. மெலிவு, 14 வயதாகியும் பெரியபிள்ளையாகவில்லை. அரைமண்டி கூடாதோ?

அரைமண்டி முள்ளந்தண்டை வளைக்காது ரீச்சர், ஆடட்டும். பார்க்கவேண்டியது அவளின் சாப்பாட்டுக் கோப்பையை. 1986 இல் வெளியான ஆய்வொன்றில், பலே ஆடும் 75 பெண்களில் 24 சதவீதமானோருக்கு வளைவு இருந்தது. மாதவிடாய் பிந்தியவர்களில் அது இன்னும் அதிகம். உடலில் கொழுப்பு குறைந்தால் கொழுப்புக் கலங்கள் சுரக்கும் லெப்ரின் என்ற ஓமோன் குறையும். பருவமடைதலைத் தொடக்கிவிடும் சமிக்ஞை மூளையிலிருந்து பிந்தும். ஈஸ்திரசன் பிந்தினால் எலும்பின் வளர்ச்சித்தட்டு மூடவும் பிந்தும், எலும்பின் அடர்த்தியும் குறையும். வளைவுக்குக் கூடுதல் காலமும் மெலிந்த எலும்பும் கிடைக்கிறது.

காலைச் சாப்பாடில்லாமல் பள்ளிக்கூடம், பிறகு ரியூசன், பிறகு நடனம் என்று ஓடும் பிள்ளையென்றால் முதலில் அதைத் திருத்துங்கள். கல்சியம் நாளுக்கு 1300 மி.கி. வேண்டும். பால், முள்ளோடு தின்னும் நெத்தலி, குரக்கன் எல்லாம் உதவும். 15 வயதிலும் மாதவிடாய் வராவிட்டால் கட்டாயம் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

மானிப்பாய், ஒரு பெரியம்மா: ஓமோன் ஊசி போட்டு வளர்ச்சியை நிப்பாட்டினால் வளைவும் நிக்குமோ? இரத்தப் பரிசோதனை எடுக்கவோ?

இரண்டும் வேண்டாம். வளைவுக்கென்று ஓமோன் சோதனை கிடையாது. பருவ வளர்ச்சி முந்தினாலோ பிந்தினாலோ அதற்காகத்தான் சோதிப்பார்கள். ஓமோன் ஊசியால் வளர்ச்சியை மறித்து வளைவை நிறுத்துவது சிகிச்சை முறையே அல்ல. வேறு காரணத்துக்காக வளர்ச்சி ஓமோன் ஊசி போடும் பிள்ளைக்கு மட்டும் முதுகை அடிக்கடி பார்க்கவேண்டும். உயரம் வேகமாகக் கூடும்போது இருக்கும் வளைவும் கூடலாம்.

பருத்தித்துறை, ஒரு தகப்பன்: பொடியனுக்கு 14. திகதி ஒண்டும் இல்லையே, எப்பிடிக் கணக்குப் பார்க்கிறது?

உயரத்தை அளவுங்கள். மூன்று மாதத்துக்கொருமுறை, காலையில், அதே சுவரில், வெறுங்காலோடு. பின்னேரம் அளந்தால் ஒரு செ.மீ. வரை குறையக்கூடும். பொடியன்களின் உச்ச வேகம் 14 வயதளவில் வரும், வளர்ச்சி முடியவும் பிந்தும். பெரிய வளைவு அவர்களில் குறைவுதான், ஆனால் கண்காணிப்பு நீளும். சந்தேகமென்றால் இடது கையை எக்ஸ்றே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கலாம். வளைவு நெஞ்சுப் பகுதியில் இடப்பக்கம் புடைத்திருந்தாலோ, இரவில் நோ எழுப்பினாலோ, கால் மரத்தாலோ தவணை பார்த்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

ஊர்காவற்றுறை, ஒரு தாய்: மகளுக்கு 30 பாகை. பிறேஸ் தந்திருக்கினம். இந்த வெக்கைக்குள்ளை போடமாட்டனெண்டு அழுறாள்.

25 முதல் 40 பாகைக்குள், வளர்ச்சி மிச்சமிருக்கும்போது, பலன் தருமென்று நிரூபிக்கப்பட்டது பிறேஸ் என்ற இந்த முதுகுக் கவசம்தான். 2013 இல் வெளியான பரிசோதனையில் பிறேஸ் போட்டவர்களில் 72 சதவீதமானோரின் வளைவு 50 பாகையை எட்டவில்லை. போடாமல் கண்காணித்தவர்களில் அது 48 சதவீதம். நாளுக்கு 13 மணித்தியாலம் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல். இரவு முழுக்கவும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகும் போட்டாலே அந்தக் கணக்கு வரும். வைத்தியர் 18 என்றால் 18 தான், ஆனால் 18 முடியாதென்று அலுமாரிக்குள் வைப்பதைவிட 13 எவ்வளவோ மேல்.

உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பெனியன், சுருக்கமில்லாமல். வியர்த்தால் மாற்றுங்கள். பவுடர், தேங்காயெண்ணெய் பூசக்கூடாது, தோல் இளகிப் புண் வரும். கழற்றி அரை மணித்தியாலத்தில் மறையும் சிவப்பு பரவாயில்லை, மறையாவிட்டால் பிறேஸைத் திருத்தவேண்டும். மாதவிடாய் தொடங்கி இரண்டு வருடமாகி, ஆறு மாதமாக உயரம் கூடாமல், எலும்பு வளர்ச்சி எவ்வளவு முடிந்தது என்று இடுப்பெலும்பில் பார்க்கும் றிசர் அளவு 4 ஐ எட்டினால் கழற்றுவது பற்றிப் பேசலாம்.

அதே தாய்: பின்னடிக்குக் கலியாணம், பிள்ளைப்பேறு?

ஒரு தடையுமில்லை. வளர்ச்சி முடியும்போது 30 பாகைக்குள் நின்றால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். 50 ஐத் தாண்டியது வருடத்துக்கு ஒரு பாகையளவில் கூடலாம், அதனால்தான் அந்த அளவில் சத்திரசிகிச்சை பற்றிப் பேசுகிறார்கள். முதுகில் சத்திரசிகிச்சை செய்த பெண் கர்ப்பமானால், முள்ளந்தண்டில் ஊசி போட்டு விறைக்கவைப்பது கஷ்டமாகலாம். பழைய படங்களோடு மயக்க மருந்து வைத்தியரை முன்கூட்டியே சந்திக்கவேண்டும்.