நாணயம் சரிகிறது: யாருக்கு லாபம், யாருக்கு அடி, பயணத்துக்கான டாலரை எப்போது வாங்குவது?

கேள்வி இதுதான்: நாணய மதிப்பு இறங்கினால் ஏற்றுமதிக்கு நல்லது என்கிறார்கள், விலைவாசி ஏறும் என்றும் சொல்கிறார்கள். எது சரி? சில மாதங்களில் வெளிநாடு போகிறவர் டாலரை இப்போதே வாங்கி வைக்கலாமா?

இரண்டுமே சரி. யார் எந்த நாணயத்தில் சம்பாதிக்கிறார், எந்த நாணயத்தில் செலவு செய்கிறார் அல்லது கடன் வைத்திருக்கிறார் என்று பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு டாலருக்கு 80 கொடுத்தவர் இப்போது 100 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 25 சதவீதம் ஏறியிருக்கிறது. உள்நாட்டு நாணயம் இறங்கியது 20 சதவீதம்தான். செய்திகளில் இந்த இரண்டு எண்ணும் மாறி மாறி வரும். உங்கள் பைக்கு முக்கியம் 25தான். 80 ஆயிரத்தில் முடிந்த டாலர் செலவுக்கு இனி ஒரு லட்சம் வேண்டும்.

ஏற்றுமதியாளர் கொழிப்பார் என்ற பேச்சை அதே விகிதத்தில் சோதிக்கலாம். 100 டாலருக்கு விற்கும் சரக்கில் 60 டாலர் இறக்குமதி மூலப்பொருள். பழைய விகிதத்தில் வரவு 8,000, மூலப்பொருளுக்கு 4,800, கையில் 3,200. புது விகிதத்தில் வரவு 10,000, மூலப்பொருளுக்கு 6,000, கையில் 4,000. ஆக கூடுதல் லாபம் 800தான், 2,000 அல்ல. வாங்குகிறவருக்கும் ரேட் தெரியும், விலையைக் குறை என்று கேட்பார். 8 டாலர் குறைத்தாலே அந்த 800 காலி. உள்நாட்டிலேயே விளைவதை விற்பவருக்கும், உழைப்பை விற்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து பணம் வரும் குடும்பங்களுக்கும்தான் உண்மையான ஆதாயம்.

நாடு முழுவதற்கும் பார்த்தாலும் பலன் உடனே வராது. பழைய ஒப்பந்தப்படி சரக்கு வந்துகொண்டே இருக்கும், பில் மட்டும் கூடும். அதனால் வர்த்தகப் பற்றாக்குறை, அதாவது ஏற்றுமதியைவிட இறக்குமதி கூடுதலாக இருக்கும் தொகை, முதலில் மோசமாகி, பிறகுதான் தேறும். 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலரிலிருந்து 2.40க்கு இறக்கியது, நடப்புக் கணக்கு (வெளிநாடுகளோடான வர்த்தகம் உள்ளிட்ட வரவு செலவு) உபரிக்குத் திரும்பியது 1969இல்தான்.

பெரிய அடி விழும் இடம் கடன். இந்தோனேசியாவில் 1997 நடுவில் ஒரு டாலர் சுமார் 2,400 ருப்பியா. அடுத்த ஆண்டு நடுவில் 15,000ஐத் தாண்டியது. 10 லட்சம் டாலர் கடன் வாங்கி, உள்ளூரில் ருப்பியாவுக்கு விற்றுக்கொண்டிருந்த நிறுவனத்துக்குக் கடன் 240 கோடியிலிருந்து 1,500 கோடி ருப்பியாவாக வீங்கியது. வியாபாரத்தில் ஒரு தவறும் செய்யாமலே மூழ்கிய நிறுவனங்கள் உண்டு. நாணயம் மெல்ல இறங்குவதைத் தாங்கலாம். டாலர் கடன் மலையாக இருக்கும்போது திடீரென்று சரிந்தால்தான் வங்கிகள் வரை ஆட்டம் காணும்.

சரிவைத் தடுக்க மத்திய வங்கி கையிருப்பு டாலரை விற்கலாம், வட்டியை ஏற்றலாம். இரண்டுக்கும் எல்லை உண்டு. 1992 செப்டம்பர் 16 அன்று இங்கிலாந்து வங்கி வட்டியை 10இலிருந்து 12 ஆக்கியது, 15 ஆக்குவோம் என்றும் அறிவித்தது. அன்று மாலையே பவுண்டு, ஐரோப்பிய நாணயங்களின் மதிப்பை ஒன்றுக்கொன்று குறுகிய எல்லைக்குள் வைத்திருந்த ஐரோப்பிய மாற்று விகித ஏற்பாட்டிலிருந்து வெளியேறியது. சரிவைத் தடுக்க முடியாவிட்டால் இறக்குமதிச் செலவு கூடி விலைவாசி ஏறும். முதலில் ஏறுவது எரிபொருள், பின்னாலேயே மருந்து, மின்னணுச் சாமான், உரம், போக்குவரத்து. நாணயம் மீண்டாலும் ஏறிய விலை பெரும்பாலும் அதே வேகத்தில் இறங்குவதில்லை.

இனி பயணம். டாலர் ரேட்டை மட்டும் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. உங்கள் நாணயத்துக்கும் போகிற நாட்டு நாணயத்துக்கும் நேரடி விகிதம் என்ன என்று பாருங்கள். டாலருக்கு எதிராக இரண்டும் இறங்கியிருக்கலாம். 2024 ஜூலையில் ஜப்பானின் யென் ஒரு டாலருக்கு 161ஐத் தாண்டி, 1986க்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு ஜப்பானுக்கு 3.68 கோடிக்கு மேல் வெளிநாட்டவர் போனார்கள். ஆனால் மலிவாகக் கிடைப்பது சாப்பாடு, உள்ளூர் ரயில், நுழைவுச்சீட்டு போன்றவைதான். விமானக் கட்டணத்தில் எரிபொருளும் விமான வாடகையும் டாலரில் ஓடுவதால் அது அவ்வளவாக இறங்காது. நாணயம் வேகமாகச் சரியும் நாடுகளில் விடுதிகளும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களும் டாலரிலேயே விலை சொல்வார்கள்.

எப்போது வாங்குவது? ரேட் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். தேவையை மூன்று நான்கு பங்காக்கி, புறப்படும் வரை மாதம் ஒன்றாக வாங்குங்கள். சராசரி ரேட் கிடைக்கும், நிம்மதியாகத் தூங்கலாம். சொந்த நாணயம் சரிகிறது என்றால் விடுதிப் பணத்தை இப்போதே கட்டுவது சாதகம். போகிற நாட்டு நாணயம் சரிகிறது என்றால், விலை அந்த நாணயத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும்பட்சத்தில், அங்கே போய்க் கட்டுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் நாளின் ரேட்டில்தான் வரவு வைப்பார்கள், முழுத் தொகை திரும்பினாலும் கையில் குறையலாம்.

கார்டு தேய்க்கும்போது இயந்திரம், உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்களா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒப்புக்கொண்டால் விகிதத்தை நிர்ணயிப்பது உங்கள் வங்கியோ கார்டு நிறுவனமோ அல்ல, கடைக்கு இயந்திரம் கொடுத்தவர். அவர் சில சதவீதம் ஏற்றி, அதில் கடைக்காரருக்கும் பங்கு தருவார். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். அங்கே மாற்று விகிதத்தை மறுத்தால் பணமே வராதோ என்று பயந்து பலர் சம்மதித்துவிடுகிறார்கள். மறுத்தாலும் பணம் வரும்.

நாணய மாற்றுக் கடையில் ‘கமிஷன் இல்லை’ என்ற பலகைக்கு மதிப்பே கொடுக்காதீர்கள். வாங்கும் ரேட்டையும் விற்கும் ரேட்டையும் பாருங்கள். 97க்கு வாங்கி 103க்கு விற்கிறார் என்றால், அவரிடம் மாற்றி, அன்றே திருப்பி மாற்றினால் கிட்டத்தட்ட 6 சதவீதம் போய்விடும். விமான நிலையங்களில் இந்த இடைவெளி பொதுவாக இன்னும் அகலம்; வந்து இறங்கியதும் வண்டிக்கு வேண்டியதை மட்டும் மாற்றினால் போதும். பல நாடுகளில் கசங்கிய, கிறுக்கிய டாலர் நோட்டை வாங்க மாட்டார்கள், சிறிய நோட்டுக்குக் குறைந்த ரேட் போடுவார்கள்.

அரசு ரேட்டுக்கும் தெரு ரேட்டுக்கும் பெரிய வித்தியாசம் உள்ள நாட்டில் தெருவில் மாற்ற ஆசை வரத்தான் செய்யும். பெரும்பாலும் அது சட்ட விரோதம். கள்ள நோட்டு, மடித்து எண்ணிக் குறைப்பது, செல்லாத பழைய நோட்டைத் தள்ளிவிடுவது எல்லாம் அங்கேதான் நடக்கும். தெருவில் மாற்றியதற்கு ரசீதும் கிடையாது. சில நாடுகளில் மீந்த பணத்தை மறுபடி டாலராக்க வங்கி ரசீதைக் கேட்பார்கள், அதனால் வங்கியில் முதல் நாள் வாங்கிய ரசீதைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். சில்லறைக் காசைப் பெரும்பாலும் திருப்பி வாங்க மாட்டார்கள், கடைசி நாள் தேநீருக்கே செலவழித்துவிடுங்கள்.