நார்வே மின்சாரம்: கேள்வி பதில்

நார்வேயில் நீர்மின் நிலையம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். நீர், காற்று, சூரிய மின்சாரம் பற்றிக் கேளுங்கள். கிலோவாட்டையும் யூனிட்டையும் மட்டும் போட்டுக் குழப்பாதீர்கள்.

அண்ணா, மழை பொய்த்தால் நாடே இருண்டுவிடாதா?

இங்கே மழையைவிடப் பனிதான் கணக்கு. குளிர்காலத்தில் ஆற்றில் வரத்து குறைவு, ஆனால் வீட்டைச் சூடாக்க மின்சாரம் அப்போதுதான் அதிகம் வேண்டும். அணைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஏப்ரல் வாக்கில் அடிமட்டத்துக்கு வருவோம். மே, ஜூனில் பனி உருகி நிரப்பும். எவ்வளவு வரும் என்று பார்க்க, மலையில் குழாயைப் பனிக்குள் இறக்கி எடுத்து எடை போடுவார்கள். ஆழத்தை அளந்தால் போதாது. இறுகிய பனியில் தண்ணீர் அதிகம். எல்லா அணைகளும் நிரம்பினால் சுமார் 8,700 கோடி யூனிட், ஓராண்டுத் தேவையில் பாதிக்கு மேல். வறட்சி வந்தால் இருளாது, விலைதான் ஏறும்.

துரோம்சோவில் 5 யூனிட் சோலார் போடலாமா?

5 கிலோவாட் என்று சொல்லுங்கள், அது பேனலின் திறன். யூனிட் என்பது பில்லில் வருவது. துரோம்சோ நாட்டின் வடகோடியில் இருக்கும் ஊர். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை அங்கே சூரியன் எழாது. வேண்டாம். ஆஸ்லோ என்றால் யோசிக்கலாம்.

சொந்த மின்சாரம் இருந்தும் 2022இல் பில் ஏன் எகிறியது?

2021இல் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் தலா 1,400 மெகாவாட் கடலடி கேபிள்கள் ஓடத் தொடங்கின. மறு ஆண்டு ரஷ்ய எரிவாயு குறைந்து ஐரோப்பிய விலை பறந்தபோது தெற்கு நார்வேயும் மாட்டிக்கொண்டது. அங்கே அணை நீரும் குறைவு. வடக்கில் மலிவாகவே இருந்தது. நாடு 5 விலை மண்டலம், வடக்கு மின்சாரத்தையெல்லாம் தெற்கே கொண்டுவர இடையிலுள்ள லைன்கள் தாங்காது.

அப்படியானால் கேபிளை வெட்டிவிட்டால்?

வறண்ட ஆண்டில் இறக்குமதி வருவதும் அதே கேபிளில்தான்.

பில் ஏன் ஏறியது?

மேலே இருக்கிறது.

காற்றாலை நல்லதுதானே, எதிர்ப்பு எதற்கு?

குளிர்காலத்தில்தான் காற்று நன்றாக வீசும், அணை நீர் மிச்சமாகும். அதை மறுக்கவில்லை. இறக்கையில் பனிக்கட்டி பிடிப்பதும், காற்றே இல்லாத நாளும் தொழில்நுட்பத் தொல்லைகள். பெரிய சண்டை நிலத்துக்கு. நடு நார்வேயின் ஃபோசனில், சாமி (Sámi) என்ற பழங்குடி மக்களின் ரெயின்டீர் மான்கள் குளிர்காலத்தில் மேயும் இடத்தில் 151 காற்றாலைகள். உரிமம் செல்லாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சில மான்களுக்காகப் பசுமை மின்சாரத்தை நிறுத்துவதா?

யார் நிறுத்தினார்கள்? தீர்ப்புக்குப் பிறகும் ஓடின, இன்றும் ஓடுகின்றன. 2023இல் இளைஞர்கள் ஆஸ்லோவில் அமைச்சக வாசலை மறித்த பிறகுதான் அரசு மன்னிப்புக் கேட்டது.

கடைசியில் பணம் வாங்கிக்கொண்டார்கள்தானே?

2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் சமரசம் ஆனது. பணம் மட்டுமல்ல, வேறு மேய்ச்சல் நிலமும் அதில் உண்டு. வழக்கு முடியும் முன்பே கட்டி முடித்துவிட்டால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? முதலில் இடத்தைக் கேட்டிருக்க வேண்டும். என் துறையும் யோக்கியமில்லை; வடக்கில் ஆல்டா ஆற்றில் நீர்மின் அணை கட்டவும் 1979 வாக்கில் இதே மக்களோடு இதே சண்டை. அணை கட்டித்தான் முடித்தார்கள்.

வீட்டைச் சூடாக்க ஹீட் பம்ப் எந்த பிராண்ட் வாங்கலாம்?

கடையில் கேளுங்கள்.