ஏசியில் கேஸ் லீக்கை அடைக்கும் கெமிக்கல் ஊற்றலாமா?

கேட்டவர் சொன்னது: பள்ளிக்கரணையில் வீடு. வாங்கி நாலு வருடமான ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. போன கோடையிலும் அதற்கு முந்தைய கோடையிலும் கேஸ் நிரப்பியாயிற்று. இந்த ஏப்ரலில் மறுபடியும் வெறும் காற்று. வந்த மெக்கானிக் ஒரு சின்னக் குப்பியைக் காட்டி, "இதை உள்ளே விட்டால் லீக் தானாக அடையும், கம்ப்ரசர் ஸ்மூத்தாக ஓடும், கரண்டும் மிச்சம்" என்கிறாராம். விடலாமா?

வேண்டாம். என் பதில் அவ்வளவுதான். ஆனால் இருபத்திரண்டு வருடமாக இதே தொழிலில் இருக்கிறவன், அதே குப்பியை ஒருமுறை என் கையாலேயே ஊற்றியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஐடிஐ முடித்துவிட்டு நான் வேலை கற்றது ராயப்பேட்டையில் ஒரு பாயிடம். 2009-ல் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்திருந்த நேரம். பெசன்ட் நகரில் ஒரு மாமி வீட்டு ஏசியில் வருடா வருடம் கேஸ் இறங்கும். "ஏம்பா, ஒவ்வொரு வருஷமும் உனக்குத் தண்டம் அழணுமா?" என்று மாமி கேட்டுவிட்டார். ரோஷம் வந்துவிட்டது. ஜி.பி. ரோட்டில் கார் ஏசிக்கென்று விற்ற லீக் அடைக்கும் மருந்து ஒன்றை வாங்கி வந்து ஊற்றினேன், கேஸ் ஏற்றினேன். ஜில்லென்று ஓடியது. மாமி ஃபில்டர் காபி கொடுத்து, பக்கத்து ஃப்ளாட்டுக்கும் என்னைச் சிபாரிசு செய்தார்.

இருபது நாள்கூட ஆகவில்லை. போன் வந்தது. போய்ப் பார்த்தால் அழுத்தம் காட்டும் கேஜ் முள் சக்‌ஷன், அதாவது கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் பக்கம், பூஜ்யத்துக்குக் கீழே கிடக்கிறது, கம்ப்ரசர் தொட முடியாத சூடு. அறுத்துப் பார்த்தபோது ஈரத்தை வடிகட்டும் டிரையர் வாயிலும் கேபிலரியிலும் பழுப்பு நிறத்தில் கெட்டியான கோந்து. கேபிலரி என்பது உள்ளே ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ மட்டும் விட்டமுள்ள செப்புக் குழாய். மொத்தக் குளிர்ச்சியும் அந்த ஊசித் துளையை நம்பித்தான் இருக்கிறது. அது அடைபட்டதோடு கம்ப்ரசரும் போயிற்று. என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். பாயிடம் போய்ப் புலம்பினால் அவர் திட்டக்கூட இல்லை. "அடைக்கிற மருந்துக்கு எது ஓட்டை, எது குழாய்னு எப்படிடா தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

தெரியும் என்றுதான் மருந்துக்காரர்கள் சொல்வார்கள். அதற்கு ஒரு கணக்கும் உண்டு. பிரபலமான ஒரு வகை மருந்து, ஈரம் பட்டால் இறுகும் தன்மை கொண்டது. குழாய்க்குள் ஈரமே இருக்கக் கூடாது. ஓட்டை வழியாக வெளியே வரும் இடத்தில்தான் காற்றின் ஈரம் இருக்கிறது. ஆகவே ஓட்டையில் மட்டும் இறுகும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் லீக் ஆகி கேஸ் தீர்ந்த ஏசியில் காற்றும் ஈரமும் ஏற்கெனவே உள்ளே போயிருக்க வாய்ப்புண்டு. அதிலும் நான் அன்றைக்கு வேக்யூம் போடாமல், அதாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்காமல், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு உள்ளே இருந்த காற்றைத் தள்ளிவிட்டு வேலையை முடித்திருந்தேன். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? மருந்து எங்கே ஈரத்தைக் கண்டதோ அங்கே உட்கார்ந்துவிட்டது. இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கொஞ்சம் ஊதவைத்து அடைக்கும் இன்னொரு வகையும் உண்டு. வீட்டு ஸ்பிளிட் ஏசியில் பெரும்பாலும் ஃப்ளேர் நட்டும் (குழாய் முனையை விரித்து நட்டால் இறுக்கும் இணைப்பு) வெல்டிங்கும்தான். ஊதவைக்க அங்கே அனேகமாக ரப்பரே இல்லை.

உங்கள் ஏசி இன்வெர்ட்டர் என்பதால் கேபிலரிக்குப் பதில் எலக்ட்ரானிக் எக்ஸ்பான்ஷன் வால்வு இருக்க வாய்ப்புண்டு. அது இன்னும் நாசூக்கான சாமான். ஊசிமுனை நகர்ந்து நகர்ந்து வழியைத் திறக்கும், மூடும். அதில் கோந்து பிடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, லீக் ஏன் வருகிறது? கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. பத்து வருடம் ஓடினாலும் கிராம் குறையக் கூடாது. "வருஷா வருஷம் கேஸ் நிரப்பணும் சார், அது சர்வீஸ்தான்" என்று யாராவது சொன்னால் வாசலைக் காட்டுங்கள். கேஸ் குறைந்திருக்கிறது என்றால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

பள்ளிக்கரணை என்றதுமே எனக்குக் காரணம் பாதி தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் சதுப்பு நிலம், இன்னொரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு. அழுகும் குப்பையும் சாக்கடையும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். அழுகின முட்டை நாற்றம் வருமே, அதுதான். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இந்தக் கந்தகத்தால்தான். செம்புக்கும் அதே கதி. கூவம் ஓரத்திலும் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்திலும் நான் கழற்றிய காயில்களில், அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்களில், செம்பு அடுப்புக்கரி மாதிரி கறுத்து, தொட்டால் பொடியாக உதிரும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் போனால் உப்புக்காற்று. அங்கே முதலில் போவது அவுட்டோரின் அலுமினிய ஃபின், அதாவது குழாயைச் சுற்றி அடுக்கியிருக்கும் மெல்லிய தகடு.

இன்னொரு வகை அரிப்பும் உண்டு, இது வீட்டுக்குள்ளேயே பிறப்பது. புது பிளைவுட், அதன் பசை, சிலவகைத் தரை துடைக்கும் திரவங்கள், வினிகர் இவற்றிலிருந்து வரும் ஃபார்மிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் இன்டோர் காயிலில் நிற்கும் தண்ணீரில் கரைந்து செம்பைக் குடையும். வெளியே பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி. குழாயை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே எறும்புப் புற்று மாதிரி கிளை கிளையாகச் சுரங்கம். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயரும் எறும்பிலிருந்து வந்ததுதான், ஃபார்மிகரி அரிப்பு. லத்தீனில் ஃபார்மிகா என்றால் எறும்பு. இப்படிச் சல்லடை ஆன காயிலில் ஒரு ஓட்டையை மருந்து அடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் பத்து ஓட்டை தயாராகிக்கொண்டிருக்கும்.

அடுத்து அந்தக் கரண்ட் மிச்சம். குழாயின் உள்சுவரில் எண்ணெய் படிந்து குளிர்ச்சியைத் தடுக்கிறது, அதை எங்கள் மருந்து உரித்துவிடும் என்பது இவர்கள் பேச்சு. எண்ணெய்ப்படலம் வெப்பம் கடப்பதைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெயைக் கம்பெனி சும்மா தேர்வு செய்வதில்லை. பழைய ஆர்-22 கேஸ் மெஷினில் மினரல் ஆயில். ஆர்-410ஏ, ஆர்-32 கேஸ் மெஷினில் பெரும்பாலும் பாலியால் எஸ்டர் என்ற செயற்கை எண்ணெய். கார் ஏசியில் வேறு ஒன்று. எஸ்டர் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், சூட்டில் அந்த ஈரத்தோடு வினைபுரிந்து அமிலமாகும். அமிலம் மோட்டார் வைண்டிங்கின் எனாமலைத் தின்னும். ஒருநாள் வீட்டில் ட்ரிப் அடிக்கும், கம்ப்ரசர் எரிந்துவிட்டது என்பார்கள். இந்தச் சமையலில் பெயர் தெரியாத இன்னொரு பொருளைச் சேர்க்க எனக்குத் துணிவில்லை. கரண்ட் மிச்சம் வேண்டுமானால் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், 24-ல் வையுங்கள். காசில்லாத மருந்து.

பழைய ஆட்களிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது: ஃப்ரிட்ஜில் மாய்ஸ்ச்சர் சோக் வந்தால், அதாவது உள்ளே போன ஈரம் கேபிலரி முனையில் பனியாக உறைந்து அடைத்தால், கொஞ்சம் மெத்தனாலை உள்ளே விடுவார்கள். பனி கரையும், ஃப்ரிட்ஜ் ஓடும், மெக்கானிக் ஹீரோ ஆவார். ஆனால் ஈரம் எங்கேயும் போகவில்லை. மெத்தனால் அலுமினியத்தையும் அரிக்கும், வைண்டிங் பூச்சையும் கெடுக்கும். ஆறு மாதம் கழித்து கம்ப்ரசர் போகும்போது யாருக்கும் அந்த மெத்தனால் ஞாபகத்தில் இருக்காது.

அலுமினியம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2011-ல் வியட்நாமிலும் பிரேசிலிலும் கப்பலில் போகும் குளிர்பதனக் கண்டெய்னர்கள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். காரணமாகச் சொல்லப்பட்டது, ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றப்பட்ட கலப்பட கேஸ். அதில் இருந்த மெத்தில் குளோரைடு, கம்ப்ரசரின் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளாக மாறியிருந்தது. அதிலிருந்து, சீலை உடைக்கும்போதே உருளையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் நான் கேஸ் ஏற்றுவதில்லை.

அப்படியானால் எந்தக் கெமிக்கலும் கூடாதா என்றால், அப்படியும் இல்லை. லீக் எங்கே என்று தேட புற ஊதா விளக்கில் பச்சையாக மின்னும் சாயம் இருக்கிறது. கார் ஏசியில் நானே போடுகிறேன், அளவோடு போட்டால் தொந்தரவில்லை. வீட்டு ஏசிக்கு சோப்பு நுரையும் நைட்ரஜனும் போதும்.

குழாய்க்கு வெளியே கதை வேறு. காயில் கழுவும் நுரை கிளீனர் நல்லதுதான், ஆனால் காரம் அதிகமான வகை அலுமினியத்தோடு சேர்ந்தே பொங்குகிறது. பொங்குவதைப் பார்த்து, "பாருங்க சார், எவ்வளவு அழுக்கு!" என்பார்கள். பொங்குகிறதில் பாதி உங்கள் ஃபின். பிஎச் நடுநிலையாக இருக்கும் கிளீனரைக் கேளுங்கள், முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டு அலசச் சொல்லுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து அடிக்கிற புண்ணியவான்களும் ஊரில் இருக்கிறார்கள். பளபளவென்று வரும். அதோடு ஃபின் மேலிருந்த நீலப் பூச்சும் போய்விடும், அடுத்த மழைக்காலத்துக்குள் லீக். இன்டோரில் தண்ணீர் சொட்டினால் டிரெயின் தட்டில் வழவழவென்று பாசி பிடித்திருக்கும். முதலில் பைப்பை ஊதித் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பாசி வராமலிருக்க அதற்கென்று விற்கும் மாத்திரை போடலாம். பிளீச்சிங் வேண்டாம், அதன் ஆவியும் காயிலுக்கு ஆகாது.

கெமிக்கல் இல்லாமல் நடக்கவே நடக்காத இடம் பெரிய கட்டடங்களின் கூலிங் டவர், அதாவது ஏசியின் சூட்டைத் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றும் கோபுரம். ஓஎம்ஆரில் தண்ணீர் ஆவியாக ஆவியாக போர் தண்ணீரின் உப்பு அத்தனையும் மிஞ்சி, குழாயில் பாறை மாதிரி படியும். படிவு தடுப்பான், துரு தடுப்பான், கிருமிக்கொல்லி எல்லாம் அங்கே அளந்து விட்டே ஆக வேண்டும். 1976-ல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் மாநாட்டுக்கு வந்தவர்களை நிமோனியா தாக்கிய பிறகு கண்டுபிடிக்கப்பட்ட லெஜியோனெல்லா கிருமி, இந்த வெதுவெதுப்பான தண்ணீரில்தான் சுகமாக வளரும். காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரிக்குப் போனால் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் ஐஸ் டின்களை இறக்கியிருப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழேயும் தொட்டித் தண்ணீர் உறையாமல் இருப்பது உப்பால். அங்கே உப்புதான் கெமிக்கல். ஆனால் இது எதுவும் கேஸ் ஓடும் குழாய்க்குள் போவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் வாரண்டி காகிதத்தைத் தேடுங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரசருக்குப் பத்து வருடம் தருகின்றன, சில காயிலுக்கும் சில வருடம் தருகின்றன. வெளிப்பொருள் ஊற்றியது தெரிந்தால் அந்த உரிமையை நீங்களே கிழித்துப் போட்ட மாதிரி.

வாரண்டி இல்லையென்றால், மிச்சமிருக்கும் கேஸை எடுத்துவிட்டு, 300 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் நைட்ரஜன் ஏற்றி ஒரு ராத்திரி விடச் சொல்லுங்கள். காலையில் கேஜ் முள் இறங்கியிருந்தால் சோப்பு நுரையில் இடம் தெரிந்துவிடும். நைட்ரஜன்தான் வேண்டும். வெல்டிங் செட்டில் இருக்கிற ஆக்சிஜனை ஏற்றி டெஸ்ட் பண்ணுகிறேன் என்று யாராவது சொன்னால் வீட்டைவிட்டு அனுப்புங்கள், எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். ஃப்ளேர் நட்டில் லீக் என்றால் அதிர்ஷ்டம், வெட்டிப் புது ஃப்ளேர் போட்டால் முடிந்தது. காயிலில் ஓரிடம் மட்டும் என்றால் வெல்டிங். நாலைந்து இடத்தில் நுரை வந்தால் காயிலையே மாற்றுங்கள். கம்பெனியிலேயே அரிப்புத் தடுப்புப் பூச்சு போட்டு வரும் காயில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஓட்டை விழுந்த காயிலின் மேல் ஸ்ப்ரே அடிப்பதில் பயனில்லை.

அப்புறம் வேக்யூம். பம்ப் போட்டு உள்ளழுத்தத்தை 500 மைக்ரான் (வேக்யூமை அளக்கும் அலகு) வரை இறக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் அறைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் பம்பை அணைத்தால் விடாதீர்கள், அரை மணியாவது ஓடட்டும். நான் பெசன்ட் நகரில் அன்றைக்குச் செய்யாமல் விட்டது இதைத்தான். கடைசியாக கேஸை முள்ளைப் பார்த்து ஏற்றாமல், மெஷின் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்குத் தராசில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். ஆர்-32 என்றால் தீப்பற்றக்கூடியது, அறைக் கதவைத் திறந்து வைத்து வேலை நடக்கட்டும்.

மெக்கானிக்கிடம் தராசும் வேக்யூம் பம்பும் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். குப்பி மட்டும்தான் இருக்கிறது என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.