ஆற்றுச் சேற்றிலிருந்து மருந்துக்கு அடங்காத கிருமி வருமா?

கேள்வி: சைதாப்பேட்டையில், அடையாற்றை ஒட்டிய தெருவில் இருக்கிறோம். போன மழையில் ஆற்றுத் தண்ணீர் புகுந்து வீடெல்லாம் சேறு. இப்போது 63 வயது அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில், சிப்ரோஃப்ளாக்சசின் உட்பட நாலைந்து மருந்துக்கு ‘ரெசிஸ்டன்ட்’, அதாவது அடங்காது என்று இருக்கிறது. ஆறுதான் காரணமா டாக்டர்?

பதில்: அம்மாவின் தொற்றுக்கு ஆற்றின் மேல் பழி போட மாட்டேன். சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா பெரும்பாலும் அவரவர் குடலிலிருந்துதான் வருகிறது. சமீபத்தில் சளி, வயிற்றுப்போக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டாரா, ஆஸ்பத்திரியில் இருந்தாரா என்றுதான் முதலில் கேட்பேன்.

ஆனால் உங்கள் சந்தேகம் வீண் இல்லை. விழுங்கும் சிப்ரோஃப்ளாக்சசினில் ஏறக்குறைய பாதி, மாறாமல் சிறுநீரில் போய்விடும். ஊர் பெருகும் வேகத்துக்குச் சாக்கடை வசதி பெருகுவதில்லை. சுத்திகரிக்காத கழிவுநீரோடு அந்த மருந்தும் ஆற்றில் சேர்கிறது. அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும். சிப்ரோ அப்படியல்ல, சேற்றுத் துகளில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதே சேற்றில் மனிதக் குடலிலிருந்து வந்த பாக்டீரியாவும் ஆற்றின் சொந்த பாக்டீரியாவும் நெருக்கியடித்து வாழ்கின்றன. மருந்தை எதிர்க்கும் மரபணுவைத் தாங்கிய பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையம் ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுவது இங்கேதான். சாலையிலிருந்தும் பட்டறையிலிருந்தும் அடித்து வரும் செம்பும் துத்தநாகமும்கூட இதற்குத் துணை. உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் பல சமயம் ஒரே பிளாஸ்மிட்டில் இருப்பதால், ஒன்று பிழைத்தால் மற்றதும் பிழைக்கும். வெள்ளம் வந்தால் அடியில் கிடந்ததெல்லாம் கிளறப்பட்டு மேலே வரும்.

டெல்லியில் தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51-லும், குழாய் நீர் 50-ல் இரண்டிலும் என்.டி.எம்-1 என்ற எதிர்ப்பு மரபணு இருந்ததாக 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. குழாய் நீரில் இரண்டுதானே என்று என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தக் கிருமிகள் மருந்துக்குத்தான் அடங்காது. கொதிக்க வைத்தால் மற்றவை போலச் சாகும். வெள்ளம் புகுந்த சம்ப்பைக் கழுவி குளோரின் போடுங்கள். சேறு அள்ளும்போது கையுறை, பூட்ஸ் வேண்டும். காலில் புண் இருப்பவர் இறங்கவே வேண்டாம்.

சரி, அம்மாவுக்கு வருவோம். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி இருந்தால், இந்த வயதில் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. எரிச்சல் இருந்தால், ரிப்போர்ட்டில் நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் என்ற மருந்துகளுக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அவை பல சமயம் இன்னும் வேலை செய்கின்றன; சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்து உங்கள் டாக்டர் முடிவு செய்வார். குளிர் காய்ச்சலோ, விலாவுக்குப் பின்னால் வலியோ, வாந்தியோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.