வாசல் டென்சைல் கூரையில் துணியை மட்டும் மாற்றலாமா?

கிளிநொச்சியில் உங்கள் மண்டப வாசலில் நிற்கும் டென்சைல் கூரை (தூண்களுக்கிடையே துணியை இழுத்துக் கட்டிய கூரை) வெளிறி, மூலையில் கிழியத் தொடங்கிவிட்டது, துணியை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். தூணும் அத்திவாரமும் ஒழுங்காக இருந்தால் அவற்றில் கை வைக்கத் தேவையில்லை. நான் வவுனியாவில் இருந்து இந்த வேலைதான் செய்கிறேன்.

முதலில் துணியைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது பொலியெஸ்டர் நெசவின் மேல் பி.வி.சி. பூசியதாக இருக்கும். விரலால் தேய்க்கும்போது வெள்ளைத் தூள் ஒட்டினால் மேற்பூச்சு போகத் தொடங்கிவிட்டது. அவ்வளவுதான் என்றால் இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டலாம். நூல் வெளியே தெரிந்தால் பொறுக்க வேண்டாம், வெயில் நேரே பட்ட நூல் வேகமாகப் பலம் இழக்கும். மூலைத் தகட்டடியில் கறுப்புக் கோடுகள் உள்ளே ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். வெட்டு விளிம்பால் தண்ணீர் நூலுக்குள் ஏறிப் பூஞ்சணம் பிடித்ததன் அடையாளம் அது. எவ்வளவு கழுவினாலும் போகாது.

கொட்டேசன் தர வருகிறவர், பழைய துணியைத் தரையில் விரித்து அதே அளவுக்கு வெட்டித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். வருடக்கணக்காக இழுபட்டு நீண்ட துணி அது. அளவை இரும்பில்தான் எடுக்க வேண்டும்: துணி மாட்டும் துளைகளுக்கு இடையிலான தூரம், ஒவ்வொன்றின் உயரம், மூலைக்கு மூலை குறுக்களவு. அதில் வடிவத்தைக் கணக்கிட்டு, இழுக்கும்போது நீளப்போகும் அளவைக் கழித்துச் சிறிதாக வெட்ட வேண்டும். பாவுப் பக்கமும் (நெசவின் நீள நூல்) ஊடைப் பக்கமும் (குறுக்கு நூல்) ஒரே மாதிரி நீளாது, கழிக்கும் அளவும் வேறு வேறு. தரப்பாள் தைக்கிற கணக்கு இதற்குச் சரிவராது. இழுவை போதாவிட்டால் மாரியில் தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீற்றரில் 10 சென்ரிமீற்றர் ஆழம் நின்றாலே 100 கிலோ. காற்றுக்குப் படபடவென்று அடித்து மூலையும் கிழியும்.

கழற்றும்போது கவனம். சில கூரைகளில் தூணை நிமிர்த்தி வைத்திருப்பதே துணியின் இழுவைதான். ஒரு மூலையை ஒரேயடியாக விட்டால் தூண் மறுபக்கம் சாயும், ஆள் அடிபடும். தூணுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, எல்லா மூலைகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தச் சொல்லுங்கள். விளிம்பு உறைக்குள் ஓடும் கம்பி வடத்தையும் முழுதாக உருவிப் பார்க்க வேண்டும், துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். துணி இல்லாத அந்த இடைவெளியில் இரும்பைச் சுரண்டிப் பெயின்ற் அடித்துவிடலாம்.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் இந்த வேலையை வைக்காதீர்கள், விரித்த துணி கப்பற்பாய் மாதிரிக் காற்றை வாங்கும். மாரியும் வேண்டாம். மாசி, பங்குனிதான் நல்லது, அதிலும் காற்று எழும்ப முதல் விடியக்காலையில் ஏற்ற வேண்டும். அப்புறம், புதுத் துணி சில கிழமைகளில் கொஞ்சம் தளரும். அப்போது ஒருமுறையும், ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும் வந்து இழுத்துத் தர வேண்டும் என்று கொட்டேசனிலேயே எழுதி வாங்குங்கள்.